பியோனி: வகை அறியாமல் வரும் சிக்கல்களும் அவற்றைத் தீர்க்கும் முறையும்

பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடி பூக்கவில்லை, பிரித்து நட்ட துண்டு முளைக்கவில்லை, விதை ஓராண்டாகியும் தலைகாட்டவில்லை என்ற குறைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மண்ணோ உரமோ நோயோ காரணமாக இருப்பதில்லை. ஒரு வகைக்கு உரிய முறையை இன்னொரு வகையின்மேல் செலுத்தியதுதான் காரணமாக இருக்கிறது. மென்தண்டு வகையின் முளைக்கண், அதாவது அடுத்த ஆண்டுத் தண்டு கிளம்பும் மொட்டு, இரண்டு விரற்கடைக்கு மேல் ஆழத்தில் போனால் பூ குறைந்துவிடும். மர வகையின் ஒட்டுப் பகுதியோ அரைச் சாணுக்கும் கீழே புதைந்தால்தான் செடி நிலைக்கும். இரண்டையும் ஒரே ஆழத்தில் நட்டால் ஏதாவது ஒன்று கெடுவது உறுதி. ஆகவே கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவாக இருந்தாலும், முதல் பகுதியைப் படித்து வகையை உறுதி செய்துகொண்ட பிறகே அதற்குச் செல்லுங்கள்.

அறிகுறி: கையில் இருப்பது எந்த வகை என்று தெரியவில்லை

தோட்டங்களில் வளரும் பியோனிகள் மூன்று கூட்டங்களில் அடங்கும்: மென்தண்டுப் பியோனி, மரப் பியோனி, இவ்விரண்டையும் கலந்து உண்டாக்கிய இட்டோ கலப்பினம். இவற்றைப் பிரித்தறியக் குளிர்காலமே நல்ல காலம். இலைகள் காய்ந்து அகற்றப்பட்ட பின் தரைக்கு மேல் ஒன்றுமே மிஞ்சாவிட்டால் அது மென்தண்டு வகை. பழுப்பு நிறக் கட்டைத்தண்டுகள் முழங்கால் உயரத்துக்கோ அதற்கு மேலோ நின்று, அவற்றின் நுனியிலும் பக்கங்களிலும் பருத்த மொட்டுகள் இருந்தால் அது மரப் பியோனி; பெயர்தான் மரமே தவிர, உண்மையில் அது ஒரு புதர்தான். விரல் நீளமுள்ள கட்டைத்தண்டுகள் மட்டும் மிஞ்சி, அவற்றின் அடியில் மண்ணை ஒட்டியும் மண்ணுக்குள்ளும் மொட்டுகள் தெரிந்தால், அது இட்டோவாகவே இருக்க வேண்டும்.

இட்டோவின் வரலாறு அதன் இயல்பை விளக்குகிறது. ஜப்பானைச் சேர்ந்த தோயிச்சி இட்டோ என்பவர் பல நூறு முறை முயன்று, 1948-இல் மென்தண்டு வகையின் சூலகத்தில் மஞ்சள் பூக்கும் மரப் பியோனிக் கலப்பினத்தின் மகரந்தத்தைச் சேர்த்து வெற்றி கண்டார். 1956-இல் அவர் இறந்தார். அந்த நாற்றுகள் அதன் பிறகுதான் பூத்தன. தாய் வழியில் ஆண்டுதோறும் தரைமட்டத்துக்கு மடியும் குணமும், தந்தை வழியில் மஞ்சள் நிறமும் வெட்டுப்பட்ட இலையும் கட்டைத்தன்மையும் வந்திருப்பதால், இதைப் பெருக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

செடி பூத்திருக்கும்போது பார்ப்பவர்களுக்கு இன்னும் நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. இதழ்களை மெல்ல விலக்கி, மகரந்தத் தாள்களுக்கு நடுவே உற்றுப் பாருங்கள். பரவலாக வளர்க்கப்படும் சஃப்ருடிகோசா மரப் பியோனியில் சூலகங்களைத் தோல் போன்ற உறை ஒன்று முழுவதும் மூடியிருக்கும். பெரும்பாலும் செவ்வூதா நிறத்தில், சட்டையின் கழுத்துப் பட்டையை இழுத்துப் பொத்தானிட்டது போல இறுகியிருக்கும் அது, சூலகம் பருக்கப் பருக்கக் கிழிந்து வழிவிடும். ராக்கி என்ற மர இனத்தில் அந்த உறை வெண்மஞ்சளாக இருக்கும். ஒவ்வோர் இதழின் அடியிலும் மையைத் தொட்டு வைத்தாற்போல் கருஞ்சிவப்புத் திட்டு ஒன்று இருக்கும். மென்தண்டு லாக்டிஃப்ளோராவிலோ உறை கிடையாது. அடியில் ஒரு சிறு வளையம் மட்டும் இருக்க, சூலகங்கள் வெளிப்படையாக நிற்கும். பூவின் நிறத்தையும் அடுக்கையும் நம்பி வகை சொல்லி ஏமாந்தவர்கள் பலர். இந்த உறையைப் பார்த்துச் சொன்னவர்கள் ஏமாந்து நான் கண்டதில்லை. அடுக்குப் பூக்களில் சூலகமே இதழாக மாறிவிட்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனை உதவாது.

மென்தண்டு வகைக்குள்ளும் வேறுபாடு அறிவது பெருக்கத்துக்குத் தேவை. லாக்டிஃப்ளோராவின் தண்டில் தலைமொட்டோடு பக்க மொட்டுகளும் வரும். அதன் சிற்றிலை விளிம்பில் விரலை ஓட்டினால் மிக மெல்லிய சொரசொரப்பு தட்டுப்படும். அஃபிசினாலிஸ் தண்டுக்கு ஒரு பூதான் தரும். லாக்டிஃப்ளோராவுக்கு முன்னதாகவே பூத்துவிடும். டெனுஇஃபோலியாவின் இலைகள் நூல் நூலாகப் பிரிந்திருப்பதால் அதை வேறொன்றோடு குழப்ப இடமில்லை. இமயமலையின் மேற்குப் பகுதிக்கு உரிய எமோடி, ஒரு தண்டில் பல வெள்ளைப் பூக்களைத் தருவதால் லாக்டிஃப்ளோரா என்று எண்ணத் தூண்டும். ஆனால் அதன் பூவுக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு சூலகம்தான் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: புதிதாக நட்ட செடியின் முதல் இரண்டு ஆண்டுப் பூக்களை வைத்து ரகத்தை முடிவு செய்ய வேண்டாம். முழு அடுக்கு ரகங்கள்கூட இளமையில் ஓரடுக்கோ ஈரடுக்கோ மட்டும் பூப்பதுண்டு. அதேபோல் 'கோரல் சார்ம்' போன்ற பவளநிற ரகங்கள் மலர்ந்த சில நாள்களில் வெளிறி வெண்மஞ்சளுக்குப் போவது அவற்றின் இயல்பு. தவறான செடி கிடைத்துவிட்டது என்பதற்கு அது சான்றாகாது.

அறிகுறி: மரப் பியோனியின் அடியிலிருந்து வேறு மாதிரியான தண்டு வருகிறது, அல்லது பூவின் நிறமே மாறிவிட்டது

செடி நிறம் மாறவில்லை. மேலே இருந்த மரப் பியோனி நலிந்து, அதைத் தாங்கிய வேர்ச்செடி வளர்ந்துவிட்டது. மரப் பியோனிகள் பெரும்பாலும் மென்தண்டுப் பியோனியின் வேரில் ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுகின்றன. அந்த வேரில் ஒரு முளைக்கண் தப்பியிருந்தால், அதிலிருந்து பச்சையான மென்தண்டு கிளம்பி, உணவு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சந்தேகத்துக்குரிய தண்டின் இலையைத் தாய்ச்செடியின் இலையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். மரப் பியோனியின் சிற்றிலை நுனி வாத்தின் பாதம் போலப் பிளவுபட்டு, சற்று நீலம் பாய்ந்த மங்கல் பச்சையாக இருக்கும். லாக்டிஃப்ளோராவின் சிற்றிலை பிளவின்றி நீண்டு, பளபளக்கும்.

வேர்ச்செடியின் தண்டுதான் என்று தெரிந்தால், தரைமட்டத்தில் நறுக்கி விடுவது போதாது. அடுத்த ஆண்டு ஒன்றுக்கு மூன்றாக வரும். மண்ணை விலக்கி, அது எந்த இடத்தில் தோன்றுகிறதோ அங்கேயே முளைக்கண்ணோடு சேர்த்துச் செதுக்கி எடுக்க வேண்டும். ஒட்டு மேலாகக் கிடந்தால், இலையுதிர்காலத்தில் செடியை எடுத்து, ஒட்டுப் பகுதி 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் இருக்குமாறு மீண்டும் நட்டால், மரப் பியோனி தன் சொந்த வேரை விடத் தொடங்கும். இலைகள் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலோ, அது செடியின் சொந்தப் பக்கக்கன்று. அதை வெட்டுவது பேரிழப்பு.

அறிகுறி: இலை செழித்திருக்கிறது, பூ மட்டும் வரவில்லை

மென்தண்டு வகையாக இருந்தால் முதலில் ஆழத்தைச் சோதியுங்கள். இலையுதிர்காலத்தில் தூரின் ஓரத்தில் மண்ணை விரலால் விலக்கினால் இளஞ்சிவப்பு முளைக்கண்கள் தென்படும். அவற்றின் மேல் 3 முதல் 5 செ.மீ. மண் இருந்தால் போதுமானது, குளிர் குறைந்த இடங்களில் 2 செ.மீ. போதும். ஆண்டுதோறும் மூடாக்கும் தொழுவுரமும் தூரின் மேலேயே குவிந்து, சரியாக நட்ட செடியையும் ஆழத்தில் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மேல்மண்ணை வழித்துவிட்டாலே சில செடிகள் அடுத்த பருவத்தில் பூத்துவிடும்.

ஆழம் சரியாக இருந்தால் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். பக்கத்து மரம் வளர்ந்து நிழல் கட்டியிருப்பதை ஆண்டுதோறும் பார்ப்பவர் கண் கவனிப்பதில்லை. தழைச்சத்து மிகுந்த உரமும் இலையையே வளர்க்கும். குளிர் போதாமை என்பது வேறு வகையான தடை: மென்தண்டுப் பியோனிக்கு 7 பாகை செல்சியஸுக்குக் கீழ் ஏறத்தாழ 500 முதல் 1000 மணி நேரம் குளிர் கிடைக்க வேண்டும். குளிர்காலமே இல்லாத சமவெளிகளில் எந்த உரமும் இதற்கு ஈடாகாது என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரித்து நட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத செடிக்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம். அது வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: மொட்டு கட்டுகிறது, ஆனால் கருகிவிடுகிறது

மொட்டையும் அதன் காம்பையும் உருப்பெருக்கியின் கீழ் பாருங்கள். சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து, இளந்தண்டுகள் மண்மட்டத்தில் கறுத்துச் சாய்ந்தால் அது போட்ரிட்டிஸ் நோய். பாதித்தவற்றை அடியோடு நறுக்கித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும், உரக்குழியில் இடக்கூடாது. பூஞ்சை இல்லாமல், பட்டாணி அளவிலேயே மொட்டு உலர்ந்திருந்தால், பின்பனியில் உறைந்ததோ, மொட்டு கட்டும் வேளையில் தண்ணீர் போதாமல் போனதோ காரணம். மொட்டு முழு அளவுக்குப் பருத்து, வெளியிதழ் பழுத்து, திறக்காமலேயே நின்றால், பின்பருவத்தில் பூக்கும் கனத்த அடுக்கு ரகம் வெயிலில் சிக்கிக்கொண்டது என்று பொருள். முன்பருவத்தில் பூக்கும் ஓரடுக்கு ரகத்தை நடுவதே அதற்குத் தீர்வு. மொட்டின்மேல் ஊரும் எறும்புகள் அதில் சுரக்கும் தேனுக்காக வருகின்றன. அவற்றால் கேடும் இல்லை, மொட்டு திறக்க அவை தேவையும் இல்லை.

அறிகுறி: தூர் பிரித்து நட்ட துண்டு முளைக்கவே இல்லை

நட்ட இடத்தைத் தோண்டிப் பாருங்கள். வேர் கெட்டியாக, வெள்ளைச் சதையோடு அப்படியே இருந்தும் முளையே இல்லையென்றால், அத்துண்டில் முளைக்கண் இருக்கவில்லை. லாக்டிஃப்ளோராவின் வேருக்குத் தானாகப் புதிய முளைக்கண் உண்டாக்கும் ஆற்றல் பொதுவாக இல்லை. கண்ணில்லாத துண்டு மண்ணுக்குள் சில காலம் உயிரோடு கிடந்து, சேமிப்பைத் தின்று தீர்த்துவிட்டு அழுகும். மரப் பியோனிக்கு அது நல்ல வேர்ச்செடியாக இருப்பதும் இதே குணத்தால்தான்: கண்களை நீக்கிவிட்டால் போட்டிக்கு முளைக்காமல் சுமைதாங்கியாக மட்டும் இருக்கும். அஃபிசினாலிஸ், டெனுஇஃபோலியா ஆகியவையும் அவற்றின் வழிவந்த கலப்பினங்கள் சிலவும் இதற்கு மாறானவை. அவற்றின் வெறும் வேர்த்துண்டும் ஓரிரு ஆண்டுகளில் கண் விடும். 'செடியை இடம் மாற்றிய பிறகும் பழைய குழியில் அதே பியோனி முளைக்கிறது' என்ற புகாருக்கு விடை இதுதான். அதை நோயாக எண்ணிக் களைய வேண்டாம், இலவசமாகக் கிடைத்த கன்று அது.

வேர் கறுத்துக் கூழாகியிருந்தால் காரணங்கள் வேறு: நீர் தேங்கும் குழி, வெட்டுக்காயத்தின்மேல் பட்ட பச்சைத் தொழுவுரம், அல்லது பருவம் தவறிய வெட்டு. இலைகள் பழுப்பேறத் தொடங்கி, நிலம் உறைவதற்கு ஆறு வாரமாவது மீதமிருக்கும் இலையுதிர்காலமே தூர் பிரிக்க ஏற்றது. வசந்தத்தில் பிரித்த துண்டு இலைக்கும் வேருக்கும் ஒரே நேரத்தில் செலவிட வேண்டியிருப்பதால் பின்தங்கிப்போகும்.

பிரிக்கும் வேலையில் அவசரம் கூடாது. தண்டுகளை 10 செ.மீ. விட்டு நறுக்கி, தூரிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் சுற்றிலும் மண்வாரி இறக்கி, பந்தாகத் தூக்கி, நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். தோண்டியவுடன் வேர் முள்ளங்கியைப் போல் விறைப்பாக இருக்கும். அழுத்தினால் 'பட்'டென்று முறியும். நிழலில் இரண்டு மணி நேரம் போட்டு வைத்தால் சற்றே துவண்டு, பின்னிக் கிடக்கும் வேர்களை முறிக்காமல் பிரிக்க முடியும். நான் முதன்முதலில் பிரித்தபோது இந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுக்காததால், கண்கள் ஒரு பக்கமும் வேர்கள் ஒரு பக்கமுமாக முறிந்து, நல்ல தூர் ஒன்றை முழுவதும் இழந்தேன். கழுவிய தூரில் வெளிர்ச் சிவப்பாக, கூம்பிய நுனியோடு துருத்தி நிற்பவையே அடுத்த ஆண்டுக்கான கண்கள். துண்டுக்கு மூன்று முதல் ஐந்து கண்களும், 10 முதல் 15 செ.மீ. நீள வேரும் இருக்குமாறு, சாராயத்தில் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். ஒற்றைக் கண் துண்டும் பிழைக்கும். பூப்பதற்குக் கூடுதலாக ஓரிரு ஆண்டுகள் பொறுக்க வேண்டும், அவ்வளவே. வேரில் சிறு முடிச்சுகள் கோத்தாற்போல் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அத்துண்டை நடாதீர்கள், அதே குழியில் வேறு பியோனியையும் நடாதீர்கள்.

அறிகுறி: இட்டோவின் தூர் வெட்டவே முடியவில்லை, வெட்டினாலும் சிதறுகிறது

கத்தியை வைத்துவிட்டு ஓர் சிறிய இரம்பத்தை எடுங்கள். இட்டோவின் தூர் கட்டையாக இறுகியிருக்கும். அதைக் கத்தியால் நெம்பினால் விரிசல் கண்களின் ஊடே ஓடும். கண்கள் எல்லாத் திசையிலும், வெவ்வேறு உயரத்தில் இருப்பதால், முதலில் சுண்ணக்கட்டியால் வெட்டுக்கோட்டைக் குறித்துக்கொண்டு அறுப்பது நல்லது. துண்டுக்கு இரண்டு மூன்று கண்களும், அவற்றோடு நேராகத் தொடர்புள்ள வேரும் வேண்டும். நடும் ஆழம் கண்ணுக்கு மேல் 5 செ.மீ. நான்கு ஐந்து ஆண்டுகள் ஆகாத இட்டோவைப் பிரிக்க நினைப்பதே தவறு என்பது என் கருத்து. இட்டோ பெரும்பாலும் விதை கட்டாது. விதைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: விதைத்து ஓராண்டாகியும் ஒன்றும் முளைக்கவில்லை

தொட்டியை மட்டும் கொட்டிவிடாதீர்கள். பியோனி விதைக்கு இரட்டை உறக்கம் உண்டு: ஈரமும் மிதவெப்பமும் கிடைத்தால் வேர் மட்டும் வெளிவரும், அந்த வேர் விட்ட விதை ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் குருத்து எழும். இலையுதிர்காலத்தில் தோட்டத்தில் விதைத்த காய்ந்த விதை, முதல் குளிர்காலத்தை வேரே இல்லாமல் வீணே கழித்து, அடுத்த கோடையிலும் அதன் பின்னும் வேர்விட்டு, இரண்டாவது வசந்தத்தில்தான் இலை காட்டும். வெளியே ஒன்றும் தெரியாத அந்தக் காலத்தில் மண்ணுக்குள் விரல் நீள வேர் ஓடியிருக்கலாம்.

இதைச் சுருக்க வேண்டுமென்றால், காய்கள் பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும்போதே விதையை எடுத்து, உலரவிடாமல், ஈர வெர்மிகுலைட்டோடு (ஈரத்தைத் தாங்கும் கனிமத் துகள்) நெகிழிப் பையில் இட்டு, 15 முதல் 20 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்கள் வையுங்கள். வாரம் ஒரு முறை பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், ஒரு நாள் கறுத்த ஓட்டின் ஓரத்தில் வெள்ளை முனை ஒன்று எட்டிப்பார்க்கும். வேர் 3 செ.மீ. அளவுக்கு நீண்ட விதைகளை மட்டும் தனிப்பையில் மாற்றி, குளிர்பெட்டியில் 4 பாகையில் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் வைத்து, பிறகு நடுங்கள். வேர் வருமுன் குளிரில் வைத்தால் அந்தக் குளிர் கணக்கில் சேராது. தோல்விகளில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறியதால் வருபவை. காட்டினங்கள் பலவற்றின் காயில் செந்நிற விதைகள் காணப்படும்; அவை கருவுறாதவை, கருநீல விதைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாற்று பூக்க நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ரகங்களின் விதையில் வந்தது தாயைப்போல் இருக்காது. ரகம் மாறாமல் வேண்டுமென்றால் தூர் பிரித்தல், ஒட்டு, பதியம் ஆகியவையே வழி. தூய காட்டினங்களைப் பிற இனங்களிலிருந்து விலக்கி வளர்த்தால் விதையிலும் இனம் காக்கலாம்.

அறிகுறி: மரப் பியோனியின் குச்சி துளிர்த்தது, பிறகு வாடிவிட்டது

துளிர் வந்ததை வைத்து வேர் வந்ததாக எண்ணியதே பிழை. குச்சிக்குள் சேமித்த உணவைக் கொண்டே மொட்டு விரிந்துவிடும். வேர் உண்டாகாததால் சேமிப்பு தீர்ந்ததும் சாயும். மரப் பியோனிக் குச்சிகள் மிக அரிதாகவே வேர்விடுகின்றன. பொறுமை உள்ளவர்கள் தாழ்ந்த கிளையை வளைத்து, அடிப்பட்டையைச் சற்றுக் கீறி, மண்ணில் பதியம் போட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கலாம்.

அறிகுறி: ஒட்டுக்கட்டியது பிடிக்கவில்லை

கோடையின் இறுதியில், அவ்வாண்டுத் தண்டில் ஓரிரு மொட்டுள்ள துண்டை ஆப்பு வடிவில் சீவி, கண் நீக்கிய மென்தண்டு வேரின் பிளவில் செருகிக் கட்டி, ஈர மரத்தூளில் புதைத்து வைப்பதே முறை. பிடிக்காமல் போனவற்றைக் கட்டவிழ்த்துப் பாருங்கள். ஆப்பு உலர்ந்து சுருங்கியிருந்தால் சீவியபின் தாமதித்திருக்கிறீர்கள். ஒட்டுமுகம் வழவழவென்று பூசணம் பூத்திருந்தால் புதைத்த மரத்தூள் அளவுக்கு மீறி நனைந்திருந்தது. கையில் பிழிந்தால் சொட்டக்கூடாது. இரண்டும் இல்லாமல், பச்சையாகவே இருந்தும் திசு இணையவில்லை என்றால், இரு துண்டுகளின் பட்டைக்கு அடியிலுள்ள பச்சைக்கோடுகள் ஒரு பக்கமாவது நேராகப் பொருந்தியிருந்தனவா என்றும், வேர்த்துண்டு தலைகீழாக இருந்ததா என்றும் பாருங்கள். வேரின் தூர்ப்பக்கத்து முனையிலேயே பிளக்க வேண்டும். பல துண்டுகளை ஒன்றாக நறுக்கிப் போட்டால் தலையும் காலும் மாறிவிடும். ஆகவே வெட்டும்போதே மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சரிவாகவும் வெட்டி வைப்பது என் வழக்கம்.

கட்டியவற்றை 20 பாகைக்குச் சற்று மேலான வெப்பத்தில் மூன்று நான்கு வாரங்கள் வைத்தால் வெட்டுமுகத்தில் வெண்திசு திரளும். பிறகு ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் 10 செ.மீ. அளவுக்கு இறங்குமாறு நடுங்கள். மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் தோண்டி, ஒட்டுக்கு மேலே மரப் பியோனியின் சொந்த வேர்கள் பென்சில் கனத்துக்கு வந்திருந்தால், கீழே தொங்கும் பழைய வேரை அப்போதே அறுத்து நீக்கிவிட்டு, அதே ஆழத்தில் திரும்ப நடலாம். வந்திருக்காவிட்டால் அப்படியே மூடி, இன்னும் இரண்டு ஆண்டுகள் விட்டுவிடுங்கள்.